செக்கப்புக்கு மட்டும் போடுற மாத்திரை

ராஜா,

நீ இப்ப ஓடப் போயிருக்கே. ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கிட்டு, காதுல அந்த வெள்ளைக் கொட்டை ரெண்டையும் சொருகிக்கிட்டு, "வர்றேன்மா"ன்னு சொல்லிட்டு கேட்டைக் கூட சாத்தாம போய்ட்டே. காதுல அது இருக்கிற வரைக்கும் நான் இன்னா கத்தினாலும் உனக்குக் கேக்காது. அதனாலதான் எழுதறேன். எழுதிட்டா மட்டும் நீ மாத்திரையை எடுத்து வாயில போட்டுக்குவேன்னு நான் நம்பலை, அந்த நம்பிக்கையெல்லாம் எனக்கு எப்பவோ போய்டுச்சு. முப்பத்திரெண்டு வயசுல உனக்கு பி.பி. இருக்கு, உன் இதயத்துச் சுவர் தடிச்சுப் போயிருக்கு, டாக்டர் தினமும் போடுன்னு குடுத்த மாத்திரையை நீ போடுறதில்லை, அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம். இவ்ளோதான் விஷயம். இதை நம்ம சபை மாதப் பத்திரிகைக்கும் பேரில்லாம குடுக்கலாம்னு இருக்கேன். ஆம்பூர்ல உன்னை மாதிரி எத்தனை பசங்க விடியக்காலைல பைபாஸ் ஓரமா மூச்சிரைக்க ஓடுறானுங்க, அவனுங்க அம்மாமாருங்களாவது படிக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னாடி பெத்தவங்க எழுதுற கடிதத்துல தான் செஞ்ச தப்பையெல்லாம் ஒப்புக்கிட்டு அழுவாங்க. நான் அதெல்லாம் பண்ண மாட்டேன். நான் ஒரு தப்பும் பண்ணலை. இருபத்தஞ்சு வருஷம் ஷூ கம்பெனி தையல் லைன்ல உக்காந்து, அப்புறம் லைன் சூப்பர்வைசரா நின்னு உன்னைப் படிக்க வெச்சேன். வீட்டு சாம்பார்ல உப்பைக் கம்மி பண்ணேன். ஊறுகாய் ஜாடியை எடுத்துப் பரண்ல வெச்சேன், நீ ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தே. உங்கப்பாவுக்கும் சொன்னேன், உனக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சது.

உங்கப்பாவை உனக்கு எப்படி ஞாபகம் இருக்குன்னு தெரியலை. கடைசி ரெண்டு வருஷம் கட்டில்ல தலகாணி அடுக்கி சாஞ்சுக்கிட்டே இருந்தாரே, அந்த மனுஷனைத்தான் நீ நினைச்சுக்குவே. எனக்குத் தெரிஞ்சவரு வேற ஆளு. தோல் பதனிடுற ஷாப்புல, தோலைப் போட்டு உருட்டுற டிரம் யார்டுல வேலை. ஊறின மாட்டுத்தோல் ஒன்னொன்னும் ஒரு ஆள் கனம் கனக்கும். அதைத் தரையிலேருந்து அள்ளித் தோள்ல போட்டு டிரம் வாயில தள்ளணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு "ஹ்ம்"னு தூக்குவாரு, கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைக்கும். அந்த யார்டுல எல்லாரும் ஒரே பேச்சுதான்: "உழைக்கிறவனுக்கு இன்னா பி.பி.? ஏசில உக்கார்ற முதலாளிக்கு வரும். நமக்கு அதெல்லாம் வேர்வையிலேயே போய்டும்." உங்கப்பா அதை வேத வாக்கா நம்பினாரு.

வருஷா வருஷம் கம்பெனில மெடிக்கல் கேம்ப் நடக்கும். பி.பி. ஜாஸ்தின்னு எழுதிட்டா யார்டுலேருந்து தூக்கி பேக்கிங்ல போட்டுடுவாங்க. பேக்கிங்குனா ஓவர்டைம் கிடையாது, அதோட அது பொம்பளைங்க வேலைன்னு ஒரு கிண்டல் வேற. அதனால கேம்ப் வருதுன்னு தெரிஞ்சதும் யார்டு ஆளுங்க யார் வீட்லயாவது இருக்கிற மாத்திரையை வாங்கி முந்தின நாள் ஒன்னு, அன்னிக்குக் காலைல ஒன்னுன்னு போட்டுக்குவாங்க. கேம்ப் மாத்திரைன்னே அதுக்குப் பேர். பக்கத்து டிரம்மு பாய் ஒருத்தரு, உங்கப்பாவுக்கு பெரிய தோஸ்த், அவரோட மாமியாரு மாத்திரையைக் கூட எடுத்துட்டு வந்து பங்கு போட்டிருக்காரு. கேம்ப்ல கை நீட்டுனா நம்பர் அழகா நிக்கும். "ஃபிட்"னு எழுதிக் குடுப்பாங்க. உங்கப்பா அந்தச் சீட்டை என் முகத்துக்கு நேரா ஆட்டி, "பாத்தியாடி, உன் புருஷன் சிங்கம்"னுவாரு. அடுத்த கேம்ப் வரைக்கும் மாத்திரையே கிடையாது.

அப்புறம் நடந்ததுல கொஞ்சம் நீயும் பாத்தே. நீ அப்ப காலேஜ்ல இருந்தே, சாயங்காலம் வந்து தோழனுங்களோட போய்டுவே, பகல் பூரா நடந்தது உனக்குத் தெரியாது. முதல்ல மாடிப்படி நடுவுல நின்னாரு. "முட்டி வலி"ன்னாரு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுலேருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள மூணு கடையில உக்காந்து டீ குடிச்சாரு, டீக்காக இல்லை. சும்மா உக்காந்திருந்தா மகாராஜா மாதிரி இருப்பாரு, பேசுவாரு, சிரிப்பாரு, பேப்பர் படிப்பாரு. எழுந்து நாலடி வெச்சாதான் தெரியும். கடைசில குளிக்கிறதே ஒரு நாள் வேலை ஆச்சு. ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டு மூச்சு வாங்கி நிப்பாரு, நான் முதுகைத் துடைப்பேன். டிரம்முக்குள்ள தோலைத் தூக்கிப் போட்ட கை, ஒரு சொம்பைத் தூக்க முடியாம நடுங்குச்சு. கால் வீங்கி, என் விரலை வெச்சு அழுத்தினா குழி அப்படியே நிக்கும். எனக்கு அந்தக் குழியைப் பாக்கவே பிடிக்காது, ஆனா தினமும் அழுத்திப் பாப்பேன்.

உனக்கு வந்தது தெரிஞ்சதே நம்ம சர்ச் ரத்ததான முகாம்லதான். ரத்தம் குடுக்கப் போனவனை, பி.பி. ஜாஸ்தி, இன்னிக்கு வேணாம் தம்பின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ வீட்டுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை, "அந்த மிஷின் டப்பா மிஷின்மா." வேலூர் போய் டாக்டரைப் பாத்தோம், மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஒரு வாரம் போட்டே. கால் இழுக்குது, முன்ன மாதிரி வேகமா ஓட முடியலைன்னு விட்டே. டாக்டர் கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்கடான்னு சொன்னேன், கேட்டியா? ஜிம்முல சேந்தே. ஓட ஆரம்பிச்சே. "நான் இதை ஓடியே இறக்கிடுறேன், பாரு"ன்னே. கையில ஒரு வாட்ச் கட்டிக்கிட்டு எத்தனை கிலோமீட்டர், எத்தனை துடிப்புன்னு என் கிட்ட காட்டுவே. அது துடிப்பை எண்ணும்டா, அழுத்தத்தை எங்க எண்ணுது? நல்ல உடம்பு, அகலமான தோளு, பாக்கிறவங்க கண்ணு படும். உங்கப்பாவும் அப்படித்தான் இருந்தாரு.

வேலூர்ல டிரெட்மில் டெஸ்ட் அன்னிக்கு நடந்ததை நீ, கட்டிக்கப் போற பொண்ணு ஜெபா வீட்ல எப்படிச் சொல்லியிருக்கேன்னு தெரியலை, அதனால நான் எழுதறேன். உள்ள கதவோரம் ஸ்டூல்ல என்னை உக்கார விட்டாங்க. உன் நெஞ்சுல முடியை மழிச்சு ஒயரை ஒட்டினப்ப அந்த நர்ஸ் பொண்ணு கிட்ட, "ஃபுல் பாடி செர்வீஸா சிஸ்டர்?"னு ஜோக் அடிச்சே. உக்காந்தபடி பாத்தப்ப நம்பர் நல்லா இருந்துச்சு. டாக்டர் அம்மா, "பரவால்லையே, கன்ட்ரோல்ல இருக்கு"ன்னாங்க. நான் அதை நம்பலை, ஏன்னா ரெண்டு நாளா நீ மாத்திரை போட்டதை நான் பாத்தேன். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா போடாததையும் பாத்தேன். யார்டுல உங்கப்பா பண்ண அதே வேலை. அவரு சொல்லிக் குடுத்து நீ கத்துக்கலை, ரத்தத்துலயே வந்துச்சு போல.

அப்புறம் பெல்ட் ஓட ஆரம்பிச்சுது. நீ சிரிச்சுக்கிட்டே நடந்தே. சாய்வை ஏத்தினாங்க, வேகத்தை ஏத்தினாங்க, அந்தப் பொண்ணு உன் கையில பட்டையை இறுக்கி இறுக்கி நம்பர் சொல்லிச்சு. நூத்தி எண்பது, இருநூறு, இருநூத்துப் பத்து. உன் முகத்துல களைப்பே இல்லை, இன்னும் ஓடுறேன்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினே. இருநூத்து முப்பதைத் தாண்டினதும் டாக்டர் அம்மா, "நிறுத்துங்க"ன்னுட்டாங்க. நீ கோச்சுக்கிட்டே. "எனக்கு ஒன்னுமே இல்லை டாக்டர், இன்னும் பாதி கூட ஓடலை"ன்னே. அவங்க உன்னை உக்கார வெச்சுக் கேட்டாங்க, "தினமும் மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

கண்ணு கூட சிமிட்டாம சொன்னே. நான் எழுந்து, "பொய் டாக்டர். செக்கப்புக்கு மட்டும்தான் போடுறான்"ன்னேன். நீ என்னைப் பாத்த பார்வை இன்னும் எனக்குள்ள இருக்கு. பெத்த பிள்ளை அப்படிப் பாத்தா தாங்கறது கஷ்டம்டா.

டாக்டர் அம்மா கோவப்படலை. அவங்களுக்குப் பழகிப் போச்சு போல. பொறுமையா சொன்னாங்க. நல்லா இருக்கிறவங்க ஓடினா மேல் நம்பர் ஏறும், ஏறத்தான் வேணும், உடம்பு ரத்தம் கேக்குது. ஆனா அதே நேரம் கை கால்ல இருக்கிற ரத்தக்குழாய்ங்க விரிஞ்சு வழி விடும், அதனால கீழ் நம்பர் அங்கயே நிக்கும், இல்லாட்டி கொஞ்சம் இறங்கும். உனக்கு ரெண்டும் சேந்து ஏறுது. குழாய்ங்க விறைச்சுக்கிட்டு வழி விட மாட்டேங்குது, இதயம் முட்டி முட்டித் தள்ளுது. "உக்காந்திருக்கப்ப ரெண்டு மாத்திரை அதை மறைச்சிடும். ஓடறப்ப மறைக்க முடியாது"ன்னாங்க. எனக்கு உடனே புரிஞ்சுது. நம்ம கம்பெனில ஷூ அச்சு மேல தோலை இழுத்துப் போத்தறோமே, இழுவை இருக்கிற தோல் சொன்ன மாதிரி வளையும். இழுவை செத்த தோல் மேஜை மேல கிடக்கிறப்ப அதே பளபளப்போட அழகாத்தான் இருக்கும், இழுக்கிறப்பதான் முனையில விரிசல் விடும். எத்தனை ஜோடியை அப்படி எடுத்து ஒதுக்கிப் போட்டிருக்கேன்.

எக்கோ படத்துல இதயத்துச் சுவர் தடிச்சிருக்குன்னு காட்டினப்ப உன் முகம் மலர்ந்துச்சே, அதை நினைச்சா எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. "தசை பெருத்தா பலம்தானே டாக்டர்? ஜிம்முல அதுக்குத்தானே போறோம்?"னு கேட்டே. கையில தடிச்சா வெளிப்பக்கமா தடிக்குது, அதனால தொந்தரவில்லை, இது உள்பக்கமா தடிச்சு ரத்தம் நிக்கிற இடத்தையே சின்னதாக்குதுன்னாங்க. தடிச்ச தசை லேசா தளராது, தளர்ந்தாதானே அடுத்த வாய் ரத்தம் உள்ள வரும்? அதோட, இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தை ரெண்டு துடிப்புக்கு நடுவுல கிடைக்கிற ஓய்வுலதான் எடுத்துக்குமாம். நீ வேகமா ஓட ஓட அந்த ஓய்வு சுருங்குது. தடிச்ச இதயத்துக்குத் தேவை ஜாஸ்தி, கிடைக்கிறது கம்மி. மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டு நடந்தா கொஞ்சம் திரும்பும், நடக்கிறது நல்ல மருந்து, ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்லைன்னாங்க. மூச்சைப் பிடிச்சு வெயிட் தூக்கறதை இப்போதைக்கு விடுங்கன்னாங்க. "இப்படியே விட்டா?"னு நான் கேட்டேன். அவங்க என்னைப் பாத்து, "வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"ன்னாங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல நீ எனக்கு முன்னாடி சீட்ல போய் உக்காந்தே. பள்ளிகொண்டா தாண்டினதும் திரும்பி, "வெளியாளுங்க முன்னாடி பிள்ளையைப் பொய்யன்னு சொல்ற அம்மாவை இன்னிக்குதான் பாத்தேன்"ன்னே. நான், "சொல்லாம இருந்து ஒருத்தரைப் புதைச்சாச்சு"ன்னேன். என் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. அன்னிக்கு நீ அழுதிருந்தா கூட நான் நம்பியிருப்பேன், இவனுக்கு பயம் வந்துச்சு, இனி போட்டுக்குவான்னு. மறுநாள் விடியறதுக்குள்ள ஷூவை மாட்டிக்கிட்டு ஓடிட்டே. அதுக்கப்புறம் வேலூர் பக்கமே வரலை, என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லிட்டே.

அப்பவும் எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல உங்க கல்யாண அறிக்கையை வாசிச்சாங்க. இவங்க ரெண்டு பேரும் சேர்றதுக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிஞ்சா சொல்லணும்னு பாதிரி ஐயர் கேட்டப்ப எழுந்துடலாமான்னு பாத்தேன். இது அந்த மாதிரி தடை இல்லைன்னு தெரியும். ஆனாலும் அந்தப் பொண்ணு அங்க முன்வரிசையில முக்காடு போட்டுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருக்கு, அது கிட்ட யாரும் ஒன்னும் சொல்லலை. சொன்னா அவ பிடிவாதம் பிடிப்பா, கட்டிக்கப் போறவ சொன்னா இவன் கேப்பான், ஆம்பளைங்க அம்மா பேச்சைக் கேக்காட்டியும் அந்தப் பேச்சைக் கேப்பானுங்கன்னு நினைச்சேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்னு துணிஞ்சுதான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெபா வீட்டுக்குப் போனேன்.

அவங்க அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. ஜெபா மோர் கலக்கிக் குடுத்துச்சு. நான் சுத்தி வளைக்காம எல்லாத்தையும் சொன்னேன். பி.பி., டிரெட்மில், இதயம் தடிச்சது, மாத்திரை போடாதது. அந்தப் பொண்ணு பதறலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தெரியும் அத்தை. அவரு எல்லாம் சொன்னாரு"ன்னுச்சு.

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"நான்தான் அத்தை வேணாம்னு சொன்னேன்."

அவளே சொன்னா. அவங்க தெருவுல ஒருத்தருக்கு இந்த மாத்திரை போட்டதுல குழந்தையே தங்கலையாம். ஆம்பளைங்களுக்கு ஆகாதாம். எல்லாரும் சொல்றாங்களாம், அவங்கம்மாவும் சொன்னாங்களாம். "முதல்ல ஒரு குழந்தை ஆவட்டும் அத்தை. அப்புறம் நானே தினமும் கையில எடுத்துக் குடுக்கறேன், பாருங்க. இப்பதான் நல்லா ஓடுறாரே, வேர்வை போனா கொஞ்சம் இறங்கும்ல?"

வேர்வை! இந்தப் பொண்ணு டிரம் யார்டைக் கண்ணால பாத்திருக்கா? நான் கத்தினேன்டா, ஒளிக்கலை. அப்படியெல்லாம் இல்லடி, அப்படி ஏதாவது இருந்தா டாக்டரே வேற மாத்திரை குடுப்பாங்க, வா, நாளைக்கே ரெண்டு பேரும் வேலூர் போவோம், நீயே கேளுன்னேன். "எங்கம்மாவைக் கேக்கணும் அத்தை"ன்னுச்சு. அப்புறம், "கல்யாணம் முடியட்டுமே"ன்னுச்சு. நல்ல பொண்ணு. உன் மேல உயிரையே வெச்சிருக்கு. அதுதான் எனக்கு இன்னும் பேஜாரா இருந்துச்சு. கெட்ட பொண்ணா இருந்தா சண்டை போட்டுட்டு வந்திருப்பேன். நீ கேக்கக் கூடிய ஒரே வாயி, அதுவும் போடாதேன்னு சொல்லிடுச்சு. இனிமே நான் யார் கிட்ட போறது?

அப்புறம் என்ன தோணுச்சோ, "உள்ளேருந்து ஒரு தலகாணி எடுத்துட்டு வா"ன்னேன். ஆர்டர் குடுக்கிற வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்கன்னு கம்பெனில லைனுக்கு ரெண்டு பேருக்கு, இதயம் நின்னு விழுந்தவங்க நெஞ்சை அமுக்குற முதலுதவி சொல்லிக் குடுப்பாங்க, எங்க லைன்ல நான் ஒருத்தி. தலகாணியைத் தரையில போட்டு, "முட்டி போடு. இதான் அவன் நெஞ்சு. ரெண்டு மார்க் காம்புக்கும் நடுவுல, எலும்பு மேல, உள்ளங்கை அடியை வை. மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம நேரா அமுக்கு"ன்னேன். விளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சுச்சு. வளையல் கலகலன்னு சத்தம் போட்டுச்சு. "அதைக் கழட்டி வை"ன்னேன். என் முகத்தைப் பாத்துட்டு ஒன்னொன்னா கழட்டி வெச்சுச்சு.

"இன்னும் ஆழமா. இன்னும் வேகமா. விலா எலும்பு உடைஞ்ச சத்தம் கேட்டாலும் நிறுத்தாதே. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணச் சொல்லி வேற யாரையாவது கத்து, நீ எழுந்து போவாதே."

அமுக்கிச்சு. நெத்தியில வேர்த்து மூக்கு நுனியில சொட்டிச்சு. பாதில அழுகை வந்துடுச்சு, ஆனா கையை எடுக்கலை. "எவ்ளோ நேரம் அத்தை?"ன்னு கேட்டுச்சு. "ஆளுங்க வந்து உன் கையைப் பிடிச்சு இழுக்கிற வரைக்கும்"னேன்.

இந்தத் தலகாணி விஷயத்தை உன் கிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிச்சு. நான் சொல்லிட்டேன். உனக்குத் தெரியணும்.

நல்லாத்தான் அமுக்குறா, ராஜா. கையில பலம் இருக்கு.

அம்மா